காக்கா ஒதுக்கிய சாம்பார்

போன வாரம், ஆடி அமாவாசை. சங்கரன்கோவிலில் எங்கள் சிவசு அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடி. படையல் முடிந்து வைத்த சாம்பார் சாதத்தை ஒரு காக்கா வந்து ஒரே ஒரு கொத்து கொத்தியது. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. அலகைக் கைப்பிடிச் சுவரில் இப்படியும் அப்படியும் தேய்த்துவிட்டுப் பறந்து போய்விட்டது.

கீழே இருபது பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். காக்கா தின்றால்தானே நமக்கு இலை போடுவார்கள்? அரை மணி நேரம் ‘கா... கா...’ என்று கத்தினோம். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

“அப்பாவுக்கே புடிக்கல, பாத்தியாலே” என்றார் அண்ணாச்சி.

சிவசு அண்ணாச்சி என் பெரியப்பா மகன். பெரியப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர்தான் காக்காவாக வந்து, பேத்தியின் படிப்பு வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாராம். எப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பு!

பேத்தி என்றால் கோமதி. அண்ணாச்சியின் ஒரே மகள். இந்த ஊரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. இவள் மதுரையில் கேட்டரிங் காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிற கோமதி.

அவள் அந்தக் காலேஜில் சேர்ந்த அன்று எங்கள் சொந்தபந்தம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... “சோறு பொங்கப் படிக்கக் காலேஜா? எங்க காலத்துல அடுப்படிதாம்ளா காலேஜு” என்றார் ராயகிரி அக்கா. அண்ணாச்சியின் கூடப்பிறந்தவர். வாய் கொஞ்சம் நீளம்.

இதே அக்கா, மகன் கல்யாணத்துக்குச் சமையல் மாஸ்டர் வீட்டு வாசலில் மூன்று நாள் போய் நின்றவர். வெற்றிலைத் தட்டோடு! அன்றைக்கு அந்த மாஸ்டர் வைத்த ரசம் வாயில் வைக்க விளங்கவில்லை. ஆனாலும் “மாஸ்டர் கைப்பக்குவமே தனி” என்று பந்தி பந்தியாகப் போய்ச் சொன்னார். மீசை வைத்த ஆள் கரண்டி பிடித்தால் மாஸ்டர். வீட்டுப் பெண் பிடித்தால் இளக்காரம். நம்ம நியாயம் இவ்வளவுதான்.

நான் மட்டும் யோக்கியமா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வருஷம் கோமதிக்குப் படாத பாடு. உருளைக்கிழங்கைக் கல்கண்டு அளவுக்குச் சதுரம் சதுரமாக நறுக்க வேண்டுமாம். ஒன்று பெரிது ஒன்று சிறிது ஆனால் மொத்தமும் மறுபடி. இரண்டு விரலில் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தாள். முதன்முதலில் சுட்ட ரொட்டியை வாத்தியார் மேஜையில் போட்டாராம். பக்கத்து வகுப்புக்குச் சத்தம் கேட்டதாம். அன்று எனக்குப் போன் பண்ணி அழுதாள்.

“சித்தப்பா, நான் வந்திருதேன். எனக்கு இது வராது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வந்துரு மக்கா, பி.காம் சேர்ந்துக்கிடலாம்.” ஊருக்கெல்லாம் வாராவாரம் பத்திரிகையில் தன்னம்பிக்கை எழுதுகிற ஆள் நான்!

நல்லவேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து உப்பிப் பொங்கின ரொட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். “கடையில வாங்குனதா?” என்று பதில் போட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் சரி.

இப்போது சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்திருக்கிறது. அதை முடித்தால்தான் படிப்பு முழுமையாகும். ஃபாரத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். பெண்ணைத் தனியாகச் சென்னைக்கு அனுப்ப அண்ணாச்சிக்கு மனசில்லை. நேராகச் சொல்லலாம் இல்லையா? சொல்ல மாட்டார். பரீட்சை வைத்தார்.

“அமாவாசச் சமையல நீ ஒத்தையில செய்யி. நல்லாருந்தா கையெழுத்து. இல்லன்னா பேச்சே கிடையாது.”

படையலுக்குச் சமைப்பதை யாரும் ருசி பார்க்கக்கூடாது. முன்னோருக்கும் காக்காவுக்கும் போன பிறகுதான் மனுஷர் நாக்கு. எங்கள் வீடுகளில் இது சட்டம். காலேஜில் இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு கட்டத்திலும் சின்ன ஸ்பூனால் எடுத்து ருசி பார்க்காவிட்டால் மார்க் போய்விடும். கோமதியின் சமையல் கோட்டுப் பையில் அந்த ஸ்பூன் எப்போதும் இருக்கும். அன்று காலையில் அண்ணாச்சி கையை நீட்டி அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“இந்த சோலி எல்லாம் இங்கன வேண்டாம்ட்டி.”

கண்ணைக் கட்டிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்கிற பரீட்சை!

அவள் குட்டித் தராசை எடுத்தாள். பருப்பு, புளி, தண்ணீர் எல்லாவற்றையும் அளந்தாள். உப்பையும் நிறுத்துப் போட்டு, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அடுப்படி வாசலில் ஒரே கும்மாளம்.

“உப்பத் தராசுல நிறுக்கா பாருங்க! நாங்கள்லாம் வாசத்துலயே சொல்லிருவோம்” என்றார் ராயகிரி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்புச் சத்தம்தான் தூக்கல்.

அப்புறம் நடந்ததுதான் காக்கா கதை.

கடைசியில் காக்காவை விட்டுவிட்டு இலை போட்டார்கள். முதல் வாய் வைத்தார்கள். அடுத்து இருபது கையும் ஒரே நேரத்தில் தண்ணீர் டம்ளருக்குப் போனது. சாம்பாரா அது? கடல்!

“மூணு வருஷம் படிச்சு உப்புப் போடத் தெரியலியாட்டி?” என்றார் அண்ணாச்சி. “உங்க தாத்தா மேல இருந்து பாத்துக்கிட்டுதாம் இருக்காரு. போகாதன்னு சொல்லிட்டாரு. விடு.”

“அப்பா, நான் அளந்துதாம்ப்பா போட்டேன்...” என்று நோட்டை நீட்டினாள் கோமதி. யாரும் நோட்டை வாங்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

சாயங்காலம் ராயகிரி அக்காவை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். பஸ் ஏறப் போனவர் சட்டென்று நின்று, என் காதருகே வந்தார்.

“தம்பி... அந்தப் பிள்ள படையலுக்கு இல எடுக்கப் போனப்போ சாம்பார மோந்து பாத்தேன். உப்பு பத்தாத மாரி இருந்துச்சு. ஒரு கை அள்ளிப் போட்டேன். சிவசுகிட்ட சொல்லிராத, என்ன?”

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். பஸ் கிளம்பியது. ஒரு கை உப்பில் அந்தச் சாம்பார் கொஞ்சம் கரிக்கும், அவ்வளவுதான். காக்கா ஓடுகிற அளவுக்கா கரிக்கும்?

ஓடாது. எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அக்காவுக்கு முன்னாலேயே, கோமதி தேங்காய் துருவத் திரும்பிய நேரம், நானும் அடுப்படிக்குள் போய் மூக்கை நீட்டினேன். தராசில் நிறுத்த உப்பு எந்த மூலைக்குக் காணும் என்று ஒரு கை போட்டேன். சின்னக் கை இல்லை.

அந்தச் சட்டியில் சரியாக உப்புப் போட்ட ஆள் ஒரே ஒருத்திதான். அவளைத்தான் இருபது பேரும் குற்றவாளி ஆக்கினோம். உப்பு அள்ளிப் போட்ட இரண்டு பேரும்தான் அவள் தராசைப் பார்த்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தோம்.

அன்றே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பந்தியில் இருபது பேர் முன்னால் ‘நான்தான்’ என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்கு ஒரு பெண்ணின் படிப்பை விலையாகக் கொடுக்கப் பார்த்தேன். த்தூ!

அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன். எழுத மாட்டேன் என்று பண்ணவில்லை.

சிவசு அண்ணாச்சி இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவர். காபி குடித்துக்கொண்டே, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, இந்நேரம் இந்த வரிக்கு வந்திருப்பார்.

அண்ணாச்சி, பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. காக்கா துப்பியது என் உப்பை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அலமாரியைத் திறந்து அந்த ஸ்பூனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பேனாவை எடுங்கள்.