ஒற்றைக் குழாயும் ஐந்தாவது பீங்கானும்

அண்ணிக்கு இடது கண் பார்வை மங்கி நான்கு வருடமாகிறது. அலுவலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் ஸ்டோர் கீப்பரான நான்தான். அண்ணி லைன் இன்ஸ்பெக்டர். மின்கோபுரங்களின் கீழே நடந்து, மேலே தொங்கும் பீங்கான் வட்டுகளில் விரிசல் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பது அவர் வேலை. வீட்டில் என் அண்ணன் அண்ணாந்து பார்ப்பது அண்ணியைத்தான்.

புதிதாக வந்த இன்ஜினியர் எல்லோருக்கும் பைனாகுலர் வாங்கப் பட்டியல் கேட்டார். அண்ணி தன் பெயருக்கு நேரே 'மோனாகுலர்' என்று எழுதிக் கொடுத்தார்.

"ஏம்மா, ரெண்டு கண்ணு இருக்கும்போது எதுக்கு ஒத்தக் குழாய்?"

அண்ணிக்கு மழுப்பத் தெரியாது. "இருக்கிறது ரெண்டு சார். வேலை பாக்குறது ஒண்ணு."

"அப்ப இனிமே ஆபீஸ்ல உக்காந்து ஃபைல் பாருங்க."

பதினாறு வருடம் வெயிலில் நடந்த மனுஷி அவர். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்பார்.

"ஒரே ஒரு தடவை வெளிய அனுப்பிப் பாருங்க சார். அப்புறம் உக்கார வைங்க," என்றார் அண்ணி.

அந்த வாரம் ஒரு லைன் அடிக்கடி ட்ரிப் ஆகி, மின்சாரம் தானாக நின்றுகொண்டிருந்தது. வேறு இரண்டு இன்ஸ்பெக்டர்கள் ஆபீஸில் இருந்த ஒரே பழைய பைனாகுலரோடு போய், ஆளுக்குப் பாதிக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுதியிருந்தார்கள். பைனாகுலரில் வலது கண்ணுக்குத் தெளிவைச் சரிசெய்யும் வளையத்தை முதல் ஆள் தன் பார்வைக்கேற்பத் திருகியிருந்தார். அவரிடமிருந்து பைனாகுலரை வாங்கிய இரண்டாவது ஆள் அதைத் தொடவே இல்லை. மங்கலாகத் தெரிந்ததற்கு மேகமூட்டத்தின் மேல் பழி போட்டுவிட்டார்.

சாம்பிளுக்கு வந்திருந்த மோனாகுலரை எடுத்து அண்ணியிடம் கொடுத்தேன். இன்ஜினியரும் கூடவே வந்தார். ஒற்றைக் குழாய் கையில் ஆடும் என்று அண்ணிக்குத் தெரியும். நாய் விரட்டும் கம்பை நிலத்தில் ஊன்றி, அதன் கவட்டையில் குழாயை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முப்பது கோபுரம் வரை ஒன்றுமில்லை. இன்ஜினியர் வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார். முப்பத்தொன்றில் அண்ணி நின்றார்.

"கோபுரத்தோட நடுக் கை. கீழேருந்து அஞ்சாவது பீங்கான். விளிம்புல கறுப்பா ஒரு கோடு."

மின்சாரத்தை நிறுத்தி லைன்மேனை ஏற்றினார்கள். மேலிருந்து அவர் போட்ட சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அஞ்சாவதுதான் சார்! தொட்டாலே ரெண்டா வந்துரும்!"

எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. உத்தியோகம் கருதி அடக்கிக்கொண்டேன்.

"எங்க, கொடுங்க பாப்போம்," என்று இன்ஜினியர் குழாயை வாங்கினார். கம்பின் கவட்டையில் வைத்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு மேலே பார்த்தார்.

"தெரியுதா சார்?" என்று கேட்டார் அண்ணி.

"நல்லாத் தெரியுதும்மா."

"ஒரு கண்ணுதானே சார் பாக்குது?"

மறுநாள் அண்ணி முப்பத்திரண்டாவது கோபுரத்திலிருந்து நடக்க ஆரம்பித்தார்.