ரோமர் பாதையில் சிவப்புக் கொடிகள்

பள்ளிக்கூட ஒப்படைக்காக ரோமர் பாதையைப் பார்க்க வேண்டும் என்றாள் மகள். சுவிஸில் நாங்கள் இருக்கிற துன் நகரிலிருந்து ரயிலேறி, பஸ் மாறி, அந்த மலைப் பள்ளத்தாக்குக்குப் போனோம். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ரோமப் படை மலைச் சனங்களை வெட்டிச் சாய்த்த இடம். கவணில் வைத்து எறிந்த ஈயக் குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றனவாம். அதற்கொரு நடைபாதை, விளக்கப் பலகை, களைத்தால் உட்கார மர வாங்கு. கொலைக்களத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறோமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு வளைவுக்கு அப்பால் புல்வெளி முழுக்கச் சின்னச் சிவப்புக் கொடிகள். உலோகம் தட்டுப்பட்ட இடங்களில் தொல்லியல் ஆய்வாளர்கள் குத்தியவை. மகள் படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கினாள்.

"காலை வையாதை!"

என் கணவர் அப்படி அலறி நான் கேட்டதே இல்லை. பாய்ந்து அவள் பின்னலைப் பிடித்து இழுத்தார். கல்லில் விழுந்தவளின் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவள் துடிக்கத் துடிக்க அமுக்கிப் பிடித்தார். விலக்க ஓடிவந்த ஆய்வாளரின் மூக்கில் குத்தினார், ரத்தம் கொட்டியது. எனக்கும் வெறி ஏறிவிட்டது.

"பிள்ளையைக் கொல்லப் போறியளோ?" என்று கத்தியபடி தண்ணீர்ப் போத்தலால் அவர் முதுகில் மாறிமாறி அடித்தேன். அவர் பிடியை விடவில்லை.

பொலிஸ் வந்தது. பிள்ளையை அடிக்கிற தகப்பனை இங்கே பிள்ளையோடு விட்டுவைக்க மாட்டார்கள். ஹோட்டல் சமையலறையில் பழகிய அவருடைய டொச் என்கிற ஜெர்மன் மொழி அந்த நேரம் வாயில் வரவில்லை. என்னுடையதும் அரைகுறை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எங்களுக்காகக் கதைப்பவள் மகள்தான். அன்றும் அவளே, வீங்கிய கையைத் தாங்கிக்கொண்டு, தகப்பன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏன் அடிச்சனீங்கள் எண்டு கேக்கினம்."

"வன்னியில மிதிவெடி இருக்கிற இடத்திலதான் இப்பிடிச் சிவப்பாக் குத்தியிருக்கும். என்ர தங்கச்சி விறகு பொறுக்க உள்ள போனவள். நான் கூப்பிட முதல் வெடிச்சிட்டுது."

ஷெல் விழுந்து செத்தவள் என்றுதான் எனக்கும் சொல்லியிருந்தார். கொழும்பில் வளர்ந்த எனக்கு அந்த அடையாளமும் தெரியாது. மகள் திக்கித் திக்கி டொச்சில் சொல்லி முடித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பித் தானாகவே கேட்டாள்.

"அந்த மாமிக்கு அப்ப எத்தினை வயசு?"

"உன்ர வயசு."

என்ன சொல்கிறார் என்று பெண் பொலிஸ் கேட்டாள். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அப்பாவும் தன்னோடு வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.