பரிசை நிறுத்திய சர்தார் பூங்காவனம்

மொரீஷியஸ் தீவில் வக்குவாவுக்குத் தெற்கே, மழை ஓயாத மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஒரு பெண்ணையே வேலையை மேற்பார்க்கும் சர்தாராகப் போட்டார்கள் என்பது 1963இல் ஊர் வாயை நிறைத்த செய்தி. அந்தப் பெண் பூங்காவனம். "கொழுந்து குறைஞ்சா பழையபடி ஆம்பளையைப் போட்டுடுவேன்" என்று மேலாளர் மிஸ்யே ஜில்பெர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பயத்தில் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. அதிகம் பறிப்பவளுக்கு ஒரு தையல் மிஷின் கொடுங்கள் என்று தானே போய்க் கேட்டாள். அவரும் சரி என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அதுவரை அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கினால் தமிழ்ப் பெண்கள் ஒருவேளைச் சாப்பாட்டோடு தளர்ந்துபோவார்கள். கிறிஸ்தவர்களான க்ரியோல் பெண்கள் அவர்களுக்கு ஒதுக்கிய செடி நிரைகளில் புகுந்து கூடையை நிரப்பிக் கொடுப்பார்கள். காவடியன்று மொத்தத் தோட்டமும் அவர்கள் பொறுப்பு. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் தமிழ்ப் பெண்கள் பதிலுக்குப் பறிப்பார்கள். யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை.

மிஷின் என்றதும் இந்த வழக்கத்துக்குச் சனி பிடித்தது. நல்ல நிரைக்கு முந்திக்கொண்டு துண்டு போட்டார்கள். போட்டியில் முன்னால் நின்றவள் க்ரியோல் பெண்ணான இவெட், பூங்காவனத்தின் உயிர்த்தோழி. தேவாலயத்தில் மகளின் முதல் நற்கருணைக்கு வெள்ளை உடுப்பைத் தன் கையாலேயே தைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. விரதத்தின் நடுவில் தெய்வானை என்ற தமிழ்ப் பெண் மயங்கி விழுந்தபோது தூக்க ஒருத்தியும் வரவில்லை. இவெட்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பறிப்பைத் தொடர்ந்தாள். பூங்காவனம் அன்றே மிஸ்யேவிடம் போய்ப் போட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் அறிவித்தாள்.

"என் கைக்கு வந்ததைப் பிடுங்கிட்ட," என்றாள் இவெட். "போ, காவடிக்குப் போ. உங்க நிரையை உங்க முருகனே வந்து பறிக்கட்டும்."

பூங்காவனத்துக்கு நேர்த்திக்கடன், போகாமல் முடியாது. தலையில் பால்குடம், மனமெல்லாம் தோட்டத்தில். மழை பெய்து வெயில் அடித்திருந்தது. அன்று பறிக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும், அதோடு சர்தார் வேலையும் போய்விடும்.

மறுநாள் போய்ப் பார்த்தாள். ஒரு நிரை விடாமல் பறித்திருந்தது. "நீயே சர்தாரா இரு," என்று சொல்லிவிட்டுப் போனார் மிஸ்யே ஜில்பெர்.

நன்றி சொல்லப் போனால் இவெட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அன்னைக்குத் தெய்வானையைத் தூக்காம விட்டேன்ல, அதுக்காகத்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போய்ப் பறிச்சேன். உனக்காக இல்ல."

அதோடு பேச்சு நின்றது. சாப்பாட்டு வேளையில் இவெட் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். மாதங்கள் ஓடின. வேலை நிலைத்ததில் பூங்காவனத்துக்குச் சந்தோஷம்தான், ஆனால் தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. சர்தார் கூடை கட்டுவது அந்தத் தோட்டத்தில் கௌரவக் குறைச்சல். பூங்காவனம் கூடையைக் கட்டிக்கொண்டு இவெட்டின் நிரையில் தானே இறங்கினாள். பறித்து நாளான கை, சொன்னபடி கேட்கவில்லை.

மறுநாள் இவெட் தன் நிரையை ஒரு சுற்றுச் சுற்றினாள். நேரே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குப் பேரு பறிக்கிறதா? பாதிச் செடியை மொட்டையடிச்சு வெச்சிருக்க! சர்தாராம், சர்தார்!"

பூங்காவனத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இன்னும் திட்டு," என்றாள்.