ஏற முடியாதவர்: ஒருவர்

மசுயோ அக்கா பதினெட்டு வயதில் எங்கள் பள்ளத்தாக்குப் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்தார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருடம். நீலச் சட்டை, கழுத்தில் விசில், இடுப்பில் தோல் பை. மலை வளைவில் எதிரே மர லாரி வந்துவிட்டால் அவர்தான் இறங்குவார். பின்னால் போய்ப் பாறை விளிம்பில் நின்றுகொண்டு, "வரலாம், வரலாம், ரைட்" என்று கத்தி வண்டியைப் பின்னுக்கு வாங்குவார். பக்கத்துத் தடத்தில் ஒரு பெண் அப்படி நிற்கும்போது விழுந்து செத்திருக்கிறாள். அதற்கு மறுநாளும் மசுயோ அக்கா விளிம்பில்தான் நின்றார்.

பதிமூன்று வருடத்தில் அவர் யாரையும் வழியில் விட்டுவிட்டுப் போனதில்லை. கரி மூட்டை மேல் உட்கார வைப்பார், அரிசி மூட்டை மேல் உட்கார வைப்பார். ஆட்கள் முணுமுணுத்தால், "இடம் இல்லன்னு ஒண்ணு கிடையாதுங்க. நீங்க மூச்ச உள்ள இழுங்க, இன்னொரு ஆள் நிக்கலாம்" என்பார். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அந்தக் கூட்டத்தில் அவருடைய பாவாடை மேலேயே வாந்தி எடுத்தேன். அவர் துடைத்துக்கொண்டு என் காதில், "முள்ளங்கி ஊறுகாயா? உங்க அம்மா கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாகும்வரை ஊரில் எனக்கு அதுதான் பெயர்.

அறுபத்தொன்பதில் நடத்துநர் இல்லாத பேருந்து வந்தது. எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அக்கா ஒரு மரவெட்டியைக் கட்டிக்கொண்டார். அந்த மனிதர் தேவதாரு மரத்தின் அடியில் சிக்கிச் செத்தார். பிறகு அக்கா அதே மலைப்பாதையை அகலப்படுத்தும் வேலையில் கல் சுமந்தார். ஒரே மகள் ஒசாகாவில் இருக்கிறாள், புத்தாண்டுக்குத் தொலைபேசியில் பேசுவாள். அறுபத்தெட்டு வயதில் அக்காவின் சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு இருபது வண்டியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, இரண்டு மணிக்கு வந்து சேரும் வண்டியில் திரும்புவார். அந்த வண்டிதான் அவருக்கு உயிர். இதில் மிகை எதுவும் இல்லை.

அதற்குள் எங்கள் தோச்சிதானி கிராமம், இன்னும் மூன்று ஊர்களோடு சேர்ந்து அசநாகி நகரமாகிவிட்டது. இணைந்தால் வசதி கூடும், சுமை குறையும் என்று வீட்டுக்கு வீடு தாள் கொடுத்தார்கள். கிராம அலுவலகம் கிளை ஆயிற்று. முப்பது வருடம் அங்கே எழுத்தராக இருந்த எனக்கும் ஓய்வு கொடுத்தார்கள். மருந்தகத்தை மூடினார்கள். இருபத்தொன்பது இருக்கையோடு, நின்றுகொண்டும் போகக்கூடிய பழைய பேருந்தை எடுத்துவிட்டு, பதிமூன்று பேர் உட்காரும் வெள்ளை வேனை விட்டார்கள். ஒவ்வொரு இருக்கைக்கும் இடுப்புப் பட்டை. நிற்கவே கூடாது. பக்கவாட்டில், புது நகரத்தின் சின்னமாம், கழுத்துக்குட்டை கட்டிய ஒரு மரக்கொட்டை சிரித்துக்கொண்டிருக்கும் படம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை, அதற்கு அவர்கள் வைத்த பெயர் மேம்பாடு.

நான்காம் வருடம் வசந்தத்தில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போக்குவரத்துச் சீரமைப்புத் திட்டமாம். ஜூன் மாதத்தில் திங்கள் முதல் மூன்று நாள் கணக்கெடுப்பார்களாம். ஒரு நடைக்கு எட்டுப் பேருக்குக் குறைந்த தடங்களை நிறுத்திவிடுவார்களாம். எங்கள் முதல் வண்டியில் வழக்கமாகப் போவது மசுயோ அக்காவும் அவர் கைப்பையும்தான்.

ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டோம். வட்டாரத் தலைவர் குராமொச்சி மர அறுவை ஆலைக்காரர், இருபது வருடமாகப் பேருந்துப் படியை மிதித்ததில்லை. அவர் எழுந்து நின்று கண் கலங்கினார்.

"பஸ் போச்சுன்னா நமக்கென்ன, வீட்டுக்கு ரெண்டு கார் நிக்குது. மசுயோ அக்கா கதி என்ன ஆகுறது? அவங்களுக்காகவாவது நாம எல்லாரும் ஏறணும்யா!"

எல்லாரும் கை தட்டினோம். அக்கா கடைசி வரிசையில் மண்டியிட்டு உட்கார்ந்தபடி நான்கு திசைக்கும் தலை குனிந்தார். "என்னால உங்களுக்கெல்லாம் தொந்தரவு, தொந்தரவு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. எவ்வளவு நல்ல ஊர் என்று நினைத்தேன்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் முறைப்பட்டியலை நான் எழுதினேன். பதிமூன்று இருக்கையில் கணக்கெடுப்பவருக்கு ஒன்று போக மீதி பன்னிரண்டு. ஒவ்வொரு நாளும் முதல் வண்டிக்குப் பன்னிரண்டு பெயர். ஏறுகிறவர் எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று நகராட்சி ஆளிடம் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால், காரணத்தையும் குராமொச்சியே பிரித்துக் கொடுத்தார்.

"எல்லாரும் கடைக்குன்னு போட்டா ஊதாரிப் பயலுகன்னு நினைப்பான். ஒம்பது பேருக்கு ஆஸ்பத்திரின்னு எழுது. ஆஸ்பத்திரிக்குப் போற வண்டிய நிறுத்த எவனுக்கும் மனசு வராது. எய்சாகு, நீ கடை. உன் மூஞ்சியில நோய் தெரியல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மசுயோ அக்கா பேரு?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

"அவங்க எப்படியும் ஏறுறவங்கதானே? அவங்கள எதுக்கு எழுதணும்? புதுசா ஏறுறவன எழுதுய்யா."

சரி என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டும் ஒன்றும் கூட்டத் தெரியாத ஆள் முப்பது வருடம் அரசாங்கக் கணக்கு எழுதியிருக்கிறேன். பட்டியலைச் சுற்றறிக்கைப் பலகையில் செருகி அனுப்பினோம். வீட்டுக்கு வீடு போகும், படித்தவர் கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுப்பார். பள்ளத்தாக்கில் கடைசி வீடு அக்காவுடையது. நகரத்துக்கு இறங்கும் வழியில் கடைசி நிறுத்தமான மிசுஷிதாவும் அவருடையதுதான்.

திங்கட்கிழமை காலை, புறப்படும் இடமான மேலூரிலேயே வண்டி நிறைந்துவிட்டது. மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு பள்ளிச் சுற்றுலா போல உட்கார்ந்திருந்தோம். வேலியோரம் நின்று யாரோ கையசைத்தார்கள். நான் கதவை ஒட்டிய இருக்கையில் இருந்தேன். மிசுஷிதா நிறுத்தத்தில் வண்டி நின்று கதவு திறந்தபோது, அக்கா ஒரு காலைப் படியில் வைத்தபடி உள்ளே பார்த்தார்.

ஓட்டுநர் நகரத்து ஆள். "மன்னிச்சுக்கங்கம்மா, இடம் இல்ல. நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு விதி" என்றார்.

ஒன்பது பேர் கையில் 'ஆஸ்பத்திரி' என்று எழுதிய சீட்டு இருந்தது. ஒன்பது பேரும் அந்தச் சீட்டையே படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பட்டையைக் கழற்றிப் பாதி எழுந்தேன். பின்னாலிருந்து குராமொச்சி மெல்ல, "எய்சாகு, உன் சீட்டுல என்ன போட்டிருக்கு? இங்க இறங்கினா, இந்த வயல்ல எந்தக் கடை இருக்கு?" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். நகராட்சிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், பொய் வெளியாகியிருக்கும், தடமே போயிருக்கும், இப்படியெல்லாம் பிறகு நிறையக் காரணம் கண்டுபிடித்தேன். அந்த நேரத்தில் ஒரு காரணமும் இல்லை. ஊர் உட்கார்ந்திருந்தது, நானும் உட்கார்ந்தேன்.

அக்கா ஒரே பார்வையில் எண்ணி முடித்துவிட்டார். அது அவருடைய பழைய தொழில். "பன்னெண்டு, அதோட இவரு. சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிக் காலை எடுத்துக்கொண்டார். இரண்டடி பின்னால் போய், எதிரே வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கையை உயர்த்தினார்.

"ரைட். போலாம்."

வண்டி கிளம்பிற்று. நகராட்சிக்காரருக்கு முகம் வாடிவிட்டது. "தினமும் இப்படித்தான் கூட்டமாங்க?" என்று கேட்டார்.

"தினமும் சார்" என்றார் குராமொச்சி. "வயசானவங்க நின்னுட்டுத் திரும்பிப் போறதப் பாத்தா வயிறு எரியுது சார்." நகராட்சிக்காரர் ஏதோ எழுதிக்கொண்டார். குராமொச்சி என் காதருகே குனிந்து, "பாத்தியா? ஏறாம நின்ன அந்த ஒரு ஆள், ஏறின பத்து ஆளுக்குச் சமம்" என்றார்.

நகராட்சிக்காரர் பார்க்கிறார் என்பதால் ஒன்பது பேரும் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறங்கினார்கள். உள்ளே வரவேற்பறையில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றார்கள். ஒரு நர்ஸ் வந்து, "தோச்சிதானி வண்டியா? மசுயோ அம்மா வரலியா?" என்று கேட்டாளாம். "பஸ்ல இடம் இல்லீங்க" என்றாளாம் குராமொச்சியின் மனைவி. இதை அவளே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னாள். நான் கடைக்குப் போனவன், வெறுங்கையோடு திரும்பக் கூடாது. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன்.

மூன்று மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.

"அக்கா, இன்னிக்கு..."

"அட போப்பா. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன். யாராவது கார்ல கூட்டிட்டு வர மாட்டாங்களான்னு அந்தப் பொண்ணு கேட்டா. எல்லாரும் எனக்காக பஸ்ல போயிருக்காங்க, இன்னும் என்னன்னு கேக்குறது? புதன்கிழமையே வரேன்னுட்டேன். ரெண்டு நாள்தானே."

"நான் வேணா நாளைக்கு என் லாரியில..."

"வேணாம், வேணாம். உனக்கு வேலை இருக்கும்."

எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று முறை கேட்டால்தான் எங்கள் ஊரில் ஒருவர் சரி என்பார், இது பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். நான் ஒருமுறை கேட்டேன். வெட்கத்தை மறைக்க வாழைப்பழத்தை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி நெற்றிவரை உயர்த்தினார். செவ்வாய்க்கிழமை முழுக்க நான் என் சின்ன லாரியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒன்று செய்தேன். குராமொச்சியிடம் போய், புதன்கிழமைப் பட்டியலில் ஒரு பெயரை அடிக்கச் சொன்னேன். உறுமிவிட்டு அடித்தார். காலையில் ஒரு இருக்கை காலியாக மிசுஷிதா நிறுத்தத்துக்குப் போனோம். அக்கா அங்கே இல்லை. ஓட்டுநர் ஒரு நிமிடம் காத்திருந்தார்.

"எடம் வச்சா ஆளக் காணோம்" என்றார் குராமொச்சி. "ஒரு ஆளு வீணாப் போச்சு. பதினொண்ணுதான் விழும்."

நிறுத்தத்திலிருந்து அவர் வீட்டுக் கதவு தெரியும். இறங்கிப் போனால் நாற்பது எட்டு. யாரும் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்துதான் பார்த்தோம். கால்சட்டை, பயணச் சட்டை எல்லாம் போட்டு, கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசற்படிக்கு உள்ளே ஒருக்களித்துக் கிடந்தார். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர். வண்டி நின்ற நேரம் ஏழு இருபது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சமையலறையில் தட்டில் இரண்டு வாழைப்பழத் தோல் இருந்தது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "இத யார் குடுத்தது? ரத்தம் சுத்தம் பண்றது தவறிப்போன ஆளுக்கு வாழைப்பழம் விஷமாச்சே. அந்தம்மாவுக்கு நல்லாத் தெரியுமே" என்றார். தெரிந்துதான் தின்றிருக்கிறார். அடுத்த முறை என்னைப் பார்க்கும்போது, பழம் நன்றாக இருந்தது என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டுமே. எங்கள் ஊர் மரியாதை அப்படி. நான் வாயைத் திறக்கவில்லை.

சுற்றறிக்கைப் பலகை அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. மூன்று நாளுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பெயர், என் அழகான கையெழுத்தில். கீழே கடைசிக் கட்டத்தில் அவருடைய முத்திரை, கொஞ்சமும் சாயாமல் நேராக. ஒரே பார்வையில் பேருந்தை எண்ணுகிறவர் அதை எண்ணாமல் இருந்திருப்பாரா? எண்ணித்தான் குத்தியிருக்கிறார். யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள் என்று நினைத்திருப்பார். வேறென்ன நினைத்திருக்க முடியும்? அவர் பேருந்தில் எப்போதும் யாராவது நகர்ந்திருக்கிறார்கள்.

இலையுதிர் காலத்தில் நகராட்சி அறிக்கை வந்தது. எங்கள் தடத்துக்கு எதிரே 'ஏற முடியாதவர்: ஒருவர்' என்று எழுதியிருந்தது. நகரம் முழுவதிலும் அந்தக் கட்டத்தில் எண் விழுந்த ஒரே தடம் எங்களுடையது. தேவைக்கு வண்டி போதவில்லை என்று முடிவு செய்து, தடத்தை வைத்துக்கொண்டதோடு பெரிய பேருந்தே கொடுத்தார்கள். பழையது போல இருபத்தொன்பது இருக்கை, நிற்கவும் இடம். மிசுஷிதா நிறுத்தத்துக்குக் கூரையும் பெஞ்சும் போட்டார்கள்.

ஏப்ரலில் மேலூரில் திறப்பு விழா. மேயர் வெள்ளைக் கையுறையோடு ரிப்பன் வெட்டிவிட்டுப் பேசினார். "சென்ற ஆண்டு ஒரு முதியவர் இந்தத் தடத்தில் ஏற முடியாமல் திரும்பிப் போனார் என்று அறிந்து வருந்தினேன். இனி ஒருவர்கூட அப்படித் திரும்பக் கூடாது." கூட்டம் கை தட்டிற்று. குராமொச்சி என்னை முழங்கையால் இடித்து, "மசுயோ அக்கா செத்தும் குடுத்தாங்கய்யா" என்றார். அவர் கண் அப்போதும் கலங்கியிருந்தது. நானும் தட்டினேன்.

விழா முடிந்து எல்லாரும் அவரவர் காரில் கிளம்பினோம். பேருந்தில் ஒருவரும் ஏறவில்லை. நகரத்தில் எனக்கு ஒரு வேலை இருந்ததால் என் லாரி அதன் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. வளைவில் முந்த முடியாது. மிசுஷிதா நிறுத்தத்தில் அது நின்று கதவைத் திறந்தது. புதுப் பெஞ்சில் யாரும் இல்லை. விதிப்படி ஒரு நிமிடம் நிற்க வேண்டுமாம், நின்றுகொண்டே இருந்தது.

எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் ஹார்ன் அடித்தேன்.