மூன்று தடவை என்கேஜ்

பழைய கொம்பியூட்டர்களைச் சேர்த்து வைத்து, துடைத்துத் துடைத்து அழகு பார்க்கிறவர்கள் கூடிப் பேசும் இணையத்தளம் ஒன்று இருக்கிறது. வேலைவெட்டி இல்லாத ஒரு மத்தியானம் அதற்குள் போய் மாட்டிக்கொண்டேன். டெலிபோன் லைனில் செருகும் அந்தக் காலத்து மோடம்களால் இன்னும் ஏதாவது பயன் உண்டா என்று அங்கே ஒரு பெரிய சண்டை. ஒருவர் குப்பையில் போடு என்கிறார். இன்னொருவருக்கு அது லைன் பிடிக்கும்போது கத்துகிற சத்தத்தைக் கேட்டாலே இளமை திரும்பி வருகிறதாம். அட போங்கப்பா என்று மூடிவிட்டேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது, அலுமாரியின் அடித்தட்டில், அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி.

பயன் உண்டா என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டு வேலைக்கு நான் அதைப் பயன்படுத்தினேன். ஒன்று, பாட்டு இறக்க. மற்றது, அண்ணனை வெளியே எடுக்க.

எங்கள் வீடு மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில், ஏ ஒன்பது வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. தோட்டத்தில் கிளார்க்காக இருந்த அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அண்ணன் கொழும்பில் ஒரு அச்சகத்தில் வேலை. எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்து வீடுகளுக்குத் தீ வைத்தபோது அப்பாவும் அம்மாவும் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் ஓடினார்கள். அண்ணன் அங்கேதான் பிறந்தான். அவனுக்கு இரண்டு வயசாகும்போது திரும்பி வந்துவிட்டார்கள். நான் மாத்தளை ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அடையாள அட்டையில் பிறந்த இடம் என்று ஒரு வரி உண்டே, என் அட்டையில் அது மாத்தளை, அவன் அட்டையில் வவுனியா. வடக்கே பிறந்தவன் என்று காட்டும் அந்த ஒரு வரிக்காக, சந்தேகப்பட்டு அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி நிற்கவைக்காத செக் பொயிண்ட் கொழும்பில் கிடையாது.

வடக்கில் சண்டை மறுபடியும் தொடங்கிய பிறகு அது அதிகமாகிவிட்டது. அதற்காக அவனும் அம்மாவும் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். எவன் பிடித்தாலும் அண்ணன் வாதாட மாட்டான். "சேர், வீட்டுக்கு அடிச்சுப் பாருங்க" என்று சொல்லி எங்கள் வீட்டு நம்பரைக் கொடுப்பான். கைபேசி நம்பரைக் கொடுத்தால் நம்ப மாட்டார்கள், அது எந்தக் காட்டில் இருக்கிறதோ யார் கண்டது? மாத்தளைக்கான அறுபத்தாறில் தொடங்குகிற வீட்டு நம்பருக்குத்தான் மரியாதை. பொலிஸ்காரர் அடிப்பார். அம்மா எடுப்பாள். நாவுலப் பக்கம் வயல்காரச் சிங்களச் சனங்களோடு வளர்ந்தவள் அம்மா. அவளுடைய சிங்களத்தில் தமிழ் வாடையே இருக்காது. "ஓவ் மாத்தயா, ஏ மகே புதா," ஆமாம் ஐயா, அவன் என் மகன்தான் என்று ஆரம்பித்து, மகன் எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், மாத்தயா சாப்பிட்டாச்சா, எந்த ஊர் என்று போய்விடுவாள். மூன்று தடவை அப்படி அவனை விட்டிருக்கிறார்கள். ஒரு தடவை அடித்தவர் நாவுலக்காரராகவே போய்விட்டார். போகும்போது அண்ணனின் தோளில் தட்டி, அம்மாவைப் பார்த்துக்கொள் என்றாராம்.

ஆகவே அம்மா வீட்டை விட்டு அசைய மாட்டாள். கோயிலுக்குப் போனால்கூட என்னைப் போனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் போவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். இருபத்துநாலு வயசில் ஒரு போனுக்குக் காவல் இருக்கச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

எரிச்சலைத் தணிக்கத்தான் அந்தக் கொம்பியூட்டர். யாரோ வெளிநாட்டில் பாவித்து எறிந்தது, கப்பலேறி வந்து, மாத்தளைக் கடையொன்றில் மலிவாகக் கிடைத்தது. ஊரில் வசதிப்பட்டவர்கள் வேறு இணைப்புக்கு மாறிவிட்டதால் மோடத்தைக் கடைக்காரர் சும்மாவே தந்தார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. முன்னால் சிவப்பு லைட்டுகள். அது இணைப்பில் இருக்கும்வரை போன் பேச முடியாது, லைன் ஒன்றுதானே. அதைத் தெரிந்துதான் அண்ணன் டெலிபோன் ஒபீசுக்குப் போய் "கோல் வெயிட்டிங்" எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தான். லைனில் ஆள் இருந்தாலும் இன்னொரு அழைப்பு வந்தால் ஒரு பீப் கேட்கும். அந்தப் பீப் வந்தால் மோடத்தின் இணைப்பு அறுந்துவிடும், அடுத்த நிமிஷம் போன் மணி அடிக்கும், அம்மா ஓடிவந்து எடுப்பாள். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பாட்டு? ஒரு சினிமாப் பாட்டு இறங்க அரை மணி நேரம். முக்கால்வாசி இறங்கி வரும், யட்டவத்தயிலிருந்து சித்தி அம்மாவோடு பேச அடிப்பாள், பீப், எல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்து. ஒரே வாரத்தில் நாலு தடவை ஒரே பாட்டு அப்படி அறுந்தது. கொம்பியூட்டர் வகுப்பில் ஒருத்தி வழி சொன்னாள். போனில் இன்ன இன்ன பட்டனை அழுத்தினால் கோல் வெயிட்டிங் நின்றுவிடும், வேண்டும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அதை அழுத்தினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்பார்களே, அதுதான்.

மோடம் கீச்சென்று கத்தி, கரகரவென்று இருமி, லைனைப் பிடித்தது. அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"ஏண்டி, போன் வந்தா தெரியும்ல?"

"தெரியும்மா. பீப் அடிக்கும்."

அப்படித்தான் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது. அன்றைக்கு ஒரு பாட்டு முழுசாக இறங்கியது. சந்தோஷத்தில் இன்னொன்றைப் போட்டேன். பிறகு இன்னொன்று. ஒன்றரை மணி நேரம்.

பின்னேரம் அண்ணனோடு அறையில் தங்கியிருந்த பையன் அடித்தான். நான்தான் எடுத்தேன், அம்மா பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். காலையில் பொலிஸ்காரர்கள் அறைக்கு வந்து இரண்டு பேரையும் எழுப்பினார்களாம். அந்தப் பையனை அட்டையைப் பார்த்து விட்டுவிட்டார்கள். அண்ணன் வழக்கம்போல வீட்டு நம்பரைக் கொடுத்தான். "அந்த ஆளு நல்ல மாதிரிதாங்க. மூணு தடவ அடிச்சுப் பாத்தாரு. மூணு தடவையும் என்கேஜ். பொய் நம்பரு குடுக்கிறியான்னு பக்கத்தில நின்ன இன்னொரு பொலிஸ்காரன் இவன் கன்னத்தில அறைஞ்சிட்டு ஜீப்புல ஏத்திட்டான்."

அம்மா திரும்பிக் கொம்பியூட்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். "அந்த வயரக் கழட்டு," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து நாய் படாத பாடு. கொழும்பில் பொலிஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினோம். இங்கே இல்லை, அங்கே கேள் என்பார்கள். அங்கே போனால், யார் சொன்னது என்பார்கள். எந்தப் பொலிஸ்காரனையும் மயக்கிய அம்மாவின் சிங்களம் அந்தக் கவுண்டர்களில் எடுபடவே இல்லை. எட்டாவது நாள்தான் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான் என்று தெரிந்தது. உயிரோடு இருக்கிறான் என்று கேட்டதும் அம்மா பஸ் ஸ்டாண்டிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் மோடத்தின் இரண்டாவது வேலை. எங்களுக்கு உதவிய வக்கீல், கடிதங்களை நேரில் கொண்டுபோனால் வாங்கி மூலையில் போடுவார்கள், ஃபேக்ஸ் அனுப்பினால் போன திகதியும் நேரமும் பதிந்துவிடும், இல்லை என்று சொல்ல முடியாது என்றார். மோடத்தால் ஃபேக்ஸ் அனுப்ப முடியும். கொம்பியூட்டரில் கடிதத்தை எழுதி நம்பரைக் கொடுத்தால் நேரே போய்விடும். அப்பாவின் தோட்டத்துச் சேர்விஸ் கடிதம், அண்ணனின் பள்ளிக்கூட சேர்ட்டிபிகேட், கிராம சேவகரின் கடிதம் எல்லாவற்றையும் கடையில் ஸ்கேன் எடுத்து வந்து, அமைச்சு, மனித உரிமை ஆணைக்குழு, அரசாங்க அதிபரின் கச்சேரி என்று யார் யாருக்கோ அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் அது கத்தும்போது அம்மா எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவாள். ஃபேக்ஸ் போய் முடிந்ததும் வந்து, போனைக் காதில் வைத்து லைன் இருக்கிறதா என்று பார்ப்பாள். அந்த ஃபேக்ஸ்களால்தான் அவன் வெளியே வந்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாரும் எனக்குப் பதில் எழுதவில்லை. பதிமூன்றாவது மாதம் விட்டுவிட்டார்கள், ஒரு காரணமும் சொல்லாமல்.

வந்தவனைப் பார்த்துச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அம்மா சோறு போட்டாள். இடது கையில் கரண்டி பிடித்துக் கொஞ்சம் சாப்பிட்டான். பிறகு நிமிர்ந்து, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அன்னைக்கு யாரு போன்ல இருந்தது?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அம்மா குறுக்கே விழுந்தாள்.

"நான்தாண்டா. யட்டவத்த சித்திகூடப் பேசிக்கிட்டிருந்தேன். இந்தப் பாழாப்போன வாயி நின்னாத்தானே."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அம்மாவின் பின்னாலேயே குசினிக்குள் போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "வாயத் தெறக்காத. அம்மான்னா மன்னிச்சிருவான். ஒன்னைய மன்னிக்க மாட்டான். நான் எத்தன நாளைக்கு? எனக்கப்புறம் அவனுக்கு நீதான் இருக்க, ஒனக்கு அவன்தான் இருக்கான்." எனக்கு அழுகை வந்தது. அதோடு சேர்ந்து நிம்மதியும் வந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த நிம்மதிக்காக நான் இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

அதிலிருந்து அவனுக்கு அது ஒரு பகிடியாகிவிட்டது. தினமும் காலையில் அம்மாதான் அவனுக்குச் சட்டை போட்டுவிட வேண்டும். வலது கையை மெல்லப் பிடித்துச் சட்டைக் கைக்குள் நுழைப்பாள். அவன் சொல்வான்: "ஒங்க வாயாலதாம்மா எனக்கு இந்தக் கை." அம்மாவும் சிரித்துக்கொண்டே, "ஆமாடா ராசா, என் வாயாலதான்," என்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதே கதை. அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, தானும் சிரித்துவிட்டு உள்ளே போவாள். தானாகப் போனைத் தொடுவதையே விட்டுவிட்டாள். சித்தி அடித்தால், நல்லா இருக்கேன், வைக்கிறேன், அவ்வளவுதான். நான் ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன், கல்லுப் பிள்ளையார் மாதிரி.

சண்டை முடிந்துவிட்டது என்று வீதியில் பட்டாசு வெடித்து, வீடு வீடாகப் பாற்சோறு கொடுத்தார்கள். அம்மா வாங்கி மேசையில் வைத்து மூடினாள். யாரும் சாப்பிடவில்லை. அந்த மாதக் கடைசியில் நெஞ்சுவலி என்று படுத்தாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள்.

கருமாதி அன்று சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா வாயாலதான் நான் பதிமூணு மாசம் உள்ள கெடந்தேன். சித்திகூட அப்படியென்ன பேச்சோ," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. அம்மா பேச்சைக் குறைத்த பிறகு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை, அவளுக்கு அந்தக் கதை அன்றைக்குத்தான் காதில் விழுகிறது.

"எங்கூடயா? அன்னைக்கா?" என்றாள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்ன பேசினோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். "அதாலதான் அக்கா எங்கூடப் பேசறதையே விட்டுட்டாளா? நானா பேச்ச வளத்துனேன்? ஐயோ, நான்தானா அந்தப் பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

ஒருத்தி என் பழியைச் சுமந்துகொண்டே செத்துப்போனாள். இப்போது இன்னொருத்தியா? போதும் என்று எழுந்தேன். அலுமாரியிலிருந்து மோடத்தை எடுத்துவந்து அண்ணனின் மடியில் வைத்தேன்.

"அன்னைக்கு லைன்ல இருந்தது இதுதான். நான் பாட்டு எறக்கிக்கிட்டிருந்தேன். நீ போட்டு வச்ச கோல் வெயிட்டிங்க நிப்பாட்டினது நான்தான்."

அவன் அதை இடது கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அம்மா?"

"குசினில தேங்கா திருவிக்கிட்டிருந்தாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

சித்தி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அண்ணன் மோடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சட்ட போட்டு விடறப்பல்லாம் சொன்னேனேடி. தெனம் தெனம் சொன்னேனே. ஒரு நாளாவது என் வாயப் பொத்தியிருக்கக் கூடாதா?"

மோடத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான்.

மறுநாள் காலையில் அவன் சட்டையை எடுக்கிறதைப் பார்த்து, கையைப் பிடித்துவிடலாம் என்று போனேன். "வேணாம்" என்றான். சுவரில் சாய்ந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையைச் சட்டைக்குள் நுழைக்கப் பார்த்தான். நழுவியது. மறுபடியும் பார்த்தான். நான் கதவருகிலேயே நின்றேன். அவன் என்னைக் கூப்பிடவில்லை, இன்றுவரை கூப்பிடவில்லை. அம்மாவுக்கு அவனைத் தெரிந்திருந்தது.