முந்திச் சிரிக்காத அக்கா

எங்கள் அக்காவைப் பற்றி இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றையும் நான் ஊகித்தவற்றையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்த்தேன். ஊகித்தவைதான் கூடுதலாக இருந்தன. ஒரே வீட்டில் இவ்வளவு காலம் வாழ்ந்த தமக்கையைப் பற்றி ஒரு தம்பி இப்படிச் சொல்ல நேர்வது சங்கடந்தான். ஆனால் அக்காவின் தொழில் அப்படிப்பட்டது. அது என்ன தொழில் என்பதையே நம் உறவினரில் பலர் சரியாக அறியார். ஆகையால் நிச்சயமானதிலிருந்து தொடங்குகிறேன்.

அக்கா கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் எழுத்து வேலை பார்த்த லிகிதர். நான் பிறந்தபோது அக்காவுக்கு ஏழு வயது. இனக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபின் ஒரு பாடசாலையில் அகதிகளாக இருந்தோம். லொறிகளில் உடுப்பு வரும். மேலே நின்றபடி எறிவார்கள். கீழே நின்று பொறுக்குவோம். ஒருநாள் ஓர் இளம் பெண் வெறுங்கையோடு வந்து, அம்மாவின் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தார். இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எல்லோரும் ஐயத்தோடு பார்த்தோம்.

"அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

அம்மா வகுப்பறையைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு, "உடுப்பு மாத்த ஒரு மறைப்பு வேணும், பிள்ளை" என்றார்.

எந்த லொறியிலும் வராத பொருள் அது. அந்தப் பெண் இரண்டு சேலைகளைத் தேடிப்பிடித்து, வகுப்பறை மூலையில் கட்டிவிட்டுப் போனார். கேட்பதும் ஒரு வேலைதான் என்று அன்றைக்குத்தான் தனக்குத் தெரிந்தது என்று அக்கா பின்னாளில் சொல்வார். தன்னைப் பற்றி அவர் வாய் திறந்து சொன்ன மிகச் சில விஷயங்களில் அது ஒன்று.

அதன்பின் வெள்ளவத்தைக்கு வந்தோம். அப்பா வயதாகுமுன்பே காலமானார். அக்கா தட்டச்சு வேலை பார்த்து என்னைப் படிப்பித்தார்; மாலை வகுப்புகளுக்குப் போய்த் தானும் சமூகப் பணியில் டிப்ளோமா எடுத்தார். அக்கா கலியாணம் செய்யவில்லை. காரணத்தை எங்களுக்குச் சொன்னதில்லை. அதையும் நான் ஊகங்களோடுதான் வைத்திருக்கிறேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த இடம் கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்ப உதவி நிலையம்; அங்கே உதவி கேட்டு வருபவர்களுக்கு அவர் 'மிஸ்'. காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, மிச்சத் தூரம் நடப்பார். பஸ் ஏறினால் அவருக்குத் தலைசுற்றும். அதனால் ஏறவே மாட்டார். இந்தச் சிறு தகவலை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு தீபாவளியன்று எங்கள் பெரியத்தான் அவரைச் சீண்டினார். "அப்ப என்ன, நீ சோத்துப் பார்சல் குடுக்கிற வேலையோ?"

"சோத்துப் பார்சல் குடுக்கிறது புண்ணியம், அத்தான். நான் சம்பளத்துக்கு வேலை செய்யிறன்."

"என்ன வேலை எண்டுதானே கேக்கிறன்."

"கேக்கிற வேலை. நீங்கள் இப்ப செய்யிறியளே, அதுதான். ஆனால் நான் கேட்டதை வெளியிலை சொல்ல மாட்டன்."

அத்தான் பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்தத் தொழிலை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். வார்டில் படுத்திருப்பவருக்கு மருந்தை டாக்டர் எழுதுவார். அந்த மனிதர் வீட்டுக்குப் போனால் அவரை யார் பார்ப்பார் என்று விசாரிப்பது சமூகப் பணியாளரின் வேலை. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும், குடியை விட நினைப்பவருக்கு வழி காட்டுவதும், அடிபட்டு வந்தவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதும், எந்த அரசாங்கக் கந்தோரில் எந்த உதவி கிடைக்கும் என்று சொல்லிக்கொடுப்பதும் அதற்குள் அடங்கும். ஆனால் அவர்களுக்காக எல்லாவற்றையும் தானே செய்துவிடக்கூடாது என்பது அக்காவின் பிடிவாதம்.

இதை நான் கண்ணால் கண்டேன். என் சொந்த அலுவலாகப் பிரதேச செயலகத்துக்குப் போயிருந்த ஒரு நாள், கவுண்டரில் ஒரு வயோதிபர் உடைந்த சிங்களத்தில் தடுமாறிக்கொண்டிருந்தார். சுவரோரமாக அக்கா நின்றார். அக்காவின் சிங்களம் நல்ல சிங்களம். ஆனாலும் அவர் அசையவில்லை. வயோதிபர் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார். அக்கா தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். என்னைக் கண்டும் காணாதவர்போல நின்றார். இவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேலையைத் தட்டிக்கழிக்கிறாரோ என்று எனக்கு ஐயம் எழுந்தது. வீட்டில் கேட்டேன்.

"நான் கதைச்சுக் குடுத்தால் இண்டைக்கு அலுவல் முடியும். நாளைக்கு ஆர் கதைக்கிறது?" என்றார். "ஆரைப் பற்றிக் கேக்கிறாய் எண்டும் எனக்குத் தெரியாது."

இன்னொன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளவத்தையின் பிரதான தெருவான காலி வீதியில் அக்காவோடு நடந்து போனால், எதிரே வரும் யாரோ ஒருவரைக் கண்டதும் அவர் சட்டென்று புடைவைக் கடைக் கண்ணாடியைப் பார்க்கத் தொடங்குவார். எதிரே வருபவரின் முகமும் ஒரு மாதிரியாக மாறும். இவருக்கு யாரோடோ பகை, அல்லது பயம் என்று நான் நினைத்தேன். என் மனைவி, "மச்சாளுக்குத் தலைக்கனம்" என்றார். நம் உறவினரிலும் பலர் அப்படித்தான் சொன்னீர்கள்.

அக்கா அதற்கு மட்டும் விளக்கம் தந்தார். "என்னட்டை உதவிக்கு வந்த ஒரு பிள்ளையைக் கண்டு நான் முந்திச் சிரிச்சால், பக்கத்திலை வாற மாமியார் 'இவவை உனக்கு எப்பிடித் தெரியும்' எண்டு கேப்பா. அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? அவ சிரிச்சால் நானும் சிரிப்பன். முந்திச் சிரிக்கிறது அவவின்ரை உரிமை."

நம் சமூகத்தில் இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பதை எழுதத் தேவையில்லை. கலியாணம் பேச முன் நாலு இடத்தில் விசாரிப்பது நம் வழக்கம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பல வீடுகளின் உட்புறம் அறிந்த ஒருவர் குடும்பத்தில் இருந்தும், ஒரு சொல் எடுக்க முடியவில்லை. இந்த மலரை வாங்கும் உங்களில் சிலர் அதற்காக அக்காவோடு கோபித்து, வருடக்கணக்கில் எங்கள் வீட்டுப் படி மிதிக்காமல் இருந்தீர்கள். அந்தச் சோதனை எனக்கும் வந்தது.

என் மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் தாயார் கணவரை இழந்தவர். வத்தளையில் இருப்பவர், முன்பு கொட்டாஞ்சேனையில் இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா புதியவர்களை வரவேற்பதுபோல வரவேற்றார். பிறகு தேநீர் கொண்டுவந்தார். எல்லோருக்கும் பால் தேநீர். அந்த அம்மாவுக்கு மட்டும், ஒன்றும் கேட்காமல், பால் விடாத, இஞ்சி போட்ட பிளேன்ரீ.

"எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாதெண்டு எப்பிடி..." என்று தொடங்கிய அந்த அம்மா, பாதியில் நிறுத்திக் கோப்பையை வாயில் வைத்தார். அக்கா தட்டத்தைப் பார்த்தார்.

மற்றவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அக்கா தம் தொழிலில் செய்ததாக நான் அறிந்த ஒரே பிழை அந்தப் பிளேன்ரீதான்.

அவர்கள் போனபின் குசினிக்குப் போனேன். "அக்கா, அவவைத் தெரியுமோ?"

"ஆரை?"

"பிளேன்ரீ குடிச்சவவை."

அக்கா கோப்பை கழுவுவதை நிறுத்தவில்லை. "நீ கந்தோரிலை கணக்கெழுத வேண்டியவன் இல்லை. பொலிஸிலை சேர்ந்திருக்க வேணும்."

"என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை, அக்கா. ஓம் இல்லை எண்டு ஒரு சொல்."

"பெடியன் சிரிக்கேக்கை கண்ணும் சிரிச்சுதோ? அதைப் பாத்தனியோ? பாக்க வேண்டியதை விட்டிட்டுத் தேத்தண்ணியைப் பாத்திருக்கிறாய்."

மனைவி முடிவே கட்டிவிட்டார். "உங்கடை அக்கா வாய் திறக்கேல்லை எண்டால் உள்ளுக்கை ஏதோ இருக்கு. இந்தச் சம்பந்தம் வேண்டாம்." மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கு நித்திரை போனது. அந்த அம்மா எதற்காக அக்காவிடம் போயிருப்பார்? குடியா, அடியா, நோயா? பையனுக்கும் அதில் பங்கு உண்டா? அக்காவுக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் என் பிள்ளையின் விஷயத்தை என்னிடமிருந்து மறைக்கிறார் என்பதுதான் நெஞ்சில் ஆணியாக இருந்தது.

நானே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். எங்கள் பழைய வீட்டுக்கு அருகில் இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரான நாநா, அந்தப் பகுதியில் எல்லோரையும் அறிந்தவர். சுற்றிவளைத்து விசாரித்தேன்.

"தம்பி, ஒங்கட ராத்தாட்ட கேட்டா போதுமே" என்றார், அக்காவை ராத்தா என்னும் தம் வழக்கில்.

"அவ சொல்ல மாட்டா, நாநா."

"அப்ப எனக்கும் தெரியாது. இந்தத் தெருவுல எல்லார்ட வாயும் தொறந்துதான் கெடக்கு. ஒங்கட ராத்தா ஒருத்தர்ட வாய்தான் பூட்டு. அத ஒடைக்க ஏன்ட கடைக்கா வந்தீங்க? டீ குடிச்சிட்டுப் போங்க."

கடைசியில் மாப்பிள்ளைப் பையனையே வரச்சொல்லி, ரயில் பாதையோரமாகக் கடற்கரையில் நடந்தோம். வேலை, குடி, நண்பர்கள் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். எங்கள் அக்காவை அவருடைய அம்மாவுக்கு முன்பே தெரியுமா என்றபோது மட்டும் நின்றார்.

"அது அம்மான்ரை கதை, அங்கிள். நான் சொல்லக்கூடாது. அவவிட்டைக் கேளுங்கோ, கோவிக்க மாட்டா."

அன்று மாலை அக்காவிடம் இறுதியாகக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து இருந்தார்.

"தம்பி, இந்தக் குடும்பம் எண்டில்லை, எந்தக் குடும்பம் எண்டாலும் சொல்லுறன். ஒரு பிள்ளைக்கு ஆபத்து வரும் எண்டு எனக்குத் தெரிஞ்சால், நீ கேக்க முந்தி நான் கதைப்பன். அதுக்கு என்ரை தொழிலிலை இடம் இருக்கு. அதுக்கு மேலை ஒரு சொல்லும் இல்லை. நீ கும்பிட்டாலும் இல்லை."

அது பதிலா, பதில் இல்லையா? அந்த வாக்கியத்தை அப்படியே என் நாட்குறிப்பில் எழுதிவைத்து, நாட்கணக்காகத் திருப்பித் திருப்பி வாசித்தேன். என் ஐயம் தீரவில்லை. ஆனால் அக்கா ஒருநாளும் வாக்குத் தவறியதில்லை என்பது நிச்சயமானவற்றில் ஒன்று. அதை மட்டும் பிடித்துக்கொண்டு சம்மதித்தேன். கலியாணம் நடந்தது. மகள் நலமாக இருக்கிறாள். இருந்தும் முதல் மாதங்களில் அவளுடைய குரலில் ஏதும் மாற்றம் இருக்கிறதா என்று தொலைபேசியில் நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன். சந்தேகப்படுவது தகப்பனின் வேலை. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு அக்காவின் சிறுநீரகங்கள் பழுதாயின. வார்டில் கிடந்த காலம் முழுவதும் வத்தளையிலிருந்து சம்பந்தி அம்மா கஞ்சியோடு வந்தார், தலை வாரிவிட்டார், கால் பிடித்துவிட்டார். சொந்தத் தங்கைகூடச் செய்யாத பணிவிடை. ஒருநாள் நாங்கள் வந்ததை அறியாமல், "மிஸ், இன்னும் ஒரு வாய், மிஸ்" என்று ஊட்டிக்கொண்டிருந்தார். மனைவி என் கையைக் கிள்ளினார். "சம்பந்தி அம்மா எதுக்கு மிஸ் எண்டுறா?" நான் பேசாமல் இருக்கும்படி சைகை காட்டினேன்.

அக்கா அமைதியாகப் போனார். மலர்ச்சாலையில் உடலை வைத்திருந்தபோது, எதிர்ப் பக்க நடைபாதையில் சிலர் நின்றார்கள். ஆணும் பெண்ணும், தனித்தனியாக, ஒருவரையொருவர் அறியாதவர்கள்போல. உள்ளே வரவில்லை, போகவுமில்லை. உறவினர் முணுமுணுத்தார்கள். எனக்கும் அது நல்லதாகப் படவில்லை. வீதியைக் கடந்து போய், முன்னால் நின்ற பெண்மணியிடம் அக்காவை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பஸ்ஸிலை தெரியும்" என்றார்.

சற்றுத் தள்ளி நின்ற முதியவரிடம் கேட்டேன். அவரும் எங்கோ பார்த்துக்கொண்டு, "பஸ்ஸிலதான், மகன்" என்றார்.

பஸ்ஸே ஏறாத அக்காவை அவர்கள் பஸ்ஸில் அறிந்திருந்தார்கள். அதற்குமேல் நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. உள்ளே வந்து முகம் பார்க்கும்படி மட்டும் சொன்னேன். ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே சம்பந்தி அம்மா கதறி அழுததைப் பார்த்து, "இவ ஆர், இவவுக்கு என்ன இவ்வளவு?" என்று உங்களில் பலர் என்னிடமே கேட்டீர்கள். இந்த மலர் வேலை தொடங்கியபின் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கேட்காமலே பிளேன்ரீ போட்டு வைத்தேன். அதைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

"அண்ணை, உங்களுக்கு அண்டைக்கே தெரியும், என்ன? கேளுங்கோ. சொல்லுறன்."

இத்தனை காலம் நான் காத்திருந்த கதை என் முன்னால் இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் என் வாயில் வந்தது வேறு கேள்வி.

"உங்களுக்கு என்ன வேணும்? மலரிலை என்ன வரவேணும்?"

அவர் யோசித்தார். "சனம் கதைக்குது. கதைக்கட்டும். எனக்கு ஒருக்கா உதவி தேவைப்பட்டது, அவ செய்தா. அதைப் போடுங்கோ. அதோடை, எனக்கு அவ மிஸ். அந்தச் சொல்லு ஒருக்கா வரவேணும்."

இக்கட்டுரையை முதலில் வாசித்தவர் அவர்தான். ஒரு வரியை மட்டும் வெட்டினார். அது எந்த வரி என்று என்னிடம் கேட்கவேண்டாம்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரவு பகலாக உடனிருந்த அயலவர்களுக்கும், வத்தளையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் வந்து தோள் கொடுத்த உறவினருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், மிஸ்ஸைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட சம்பந்தி அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவைப் பஸ்ஸில் அறிந்திருந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. உங்களைக் காலி வீதியில் கண்டால் நாங்கள் முந்திச் சிரிக்க மாட்டோம். நீங்கள் சிரித்தால் நாங்களும் சிரிப்போம்.