வாசற்படியில் மயில்கழுத்து

அமீர்பேட்டில் ஒரு பட்டுக்கடைக்கு விளக்குகளை மாற்றி முடித்த அன்று காலை, கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வருகிறவர்களில் ஒருத்தராவது புடவையை வெளிச்சத்தில் பார்க்க வாசலுக்கு எடுத்துப் போனால், பழைய டியூப்லைட்டுகள் மறுபடி மேலேறிவிடும்.

"வாசலுக்குப் போற கஸ்டமர் அப்படியே செருப்ப மாட்டிட்டுப் போயிடறாங்கம்மா. அத நிறுத்தத்தான் உன் லைட்டு. நிறுத்தலைன்னா எனக்கு நக்கோ, வேணவே வேணாம்" என்றார். தாத்தா காலத்திலேயே ஹைதராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது.

நான் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். ஊரில், ஆரணிப் பக்கம், மகள் தனியாக வேலை எடுத்திருக்கிறாள் என்று அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இது சொதப்பினால், மாதாப்பூரில் எங்கள் விளக்கு வடிவமைப்பு அலுவலகத்தில் மறுபடி சீனியர்களுக்குப் பின்னால் ஏணி பிடிக்க வேண்டியதுதான்.

அந்த விளக்குகளுக்குள் மஞ்சள் சாய்ந்த வெள்ளையும் நீலம் சாய்ந்த வெள்ளையும் சேர்ந்தே இருக்கும். போனில் விரலை நகர்த்தினால் இரண்டின் அளவும் மாறும். புடவை விரிக்கும் மெத்தைக்கு மேலே 'பகல்' என்று ஓர் அமைப்பு செய்து வைத்திருந்தேன். யாராவது புடவையைக் கையில் தூக்கினாலே நான் வாசலைப் பார்த்தேன். மதியம் வரை யாரும் வாசலுக்குப் போகவில்லை.

பிறகு தார்நாகாவிலிருந்து ஓர் அம்மாவும் கல்யாணப் பெண்ணும் வந்தார்கள். மயில்கழுத்து நிறம் கேட்டார்கள். நீல இழையும் பச்சை இழையும் ஊடும் பாவுமாக ஓடும் பட்டு அது. வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும் வேறு நிறம் காட்டும்.

"பாகுந்தி மா, இதே சாலு" நல்லாயிருக்கு, இதுவே போதும் என்று பெண் தெலுங்கில் முடித்துவிடப் பார்த்தாள்.

"உனக்கு எல்லாம் சாலுதான். என் கல்யாணப் புடவை கடையில அரக்கு, வீட்டுல பார்த்தா செங்கல்" என்றபடி அந்த அம்மா புடவையோடு எழுந்தார்.

நான் ஓடிப்போய் நின்றேன். "அம்மா, இங்கயே பகல் வெளிச்சம்தாங்க வச்சிருக்கேன்."

"பகல நீதான் வைக்கிறியா? இத்தனை நாளா சூரியன்னு நெனச்சேன். வழி விடு."

கல்லாவிலிருந்து கடைக்காரர் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியதோ, புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா தெருவில், நான் கடைக்குள் மெத்தையோரம். நடுவே வாசற்படிக்கு மேல் புடவை இழுத்துக் கட்டியதுபோல் நின்றது. வெளியே இருந்த பாதி பச்சையாகவும் உள்ளே இருந்த பாதி நீலமாகவும் தெரிந்தது. நடுவில் கோடு கிழித்த மாதிரி. என் பகல் தப்பு.

இடது கையில் முந்தானை, வலது கையில் போன். விரல் வியர்த்து வழுக்கியது. மஞ்சளைக் கொஞ்சம் கூட்டினேன், போதவில்லை. இன்னும் கூட்டினேன், அதிகமாகிவிட்டது. கொஞ்சம் பின்னால் கொண்டுவந்தேன். கோடு மங்கிக் காணாமல் போனது.

"அடியே, ஒண்ணாயிடுச்சு!" என்றார் அந்த அம்மா. உடனே முகத்தைச் சுளித்தார். "ஆனா பச்ச தூக்கலா இருக்கே. எனக்கு நீலம் தூக்கலா வேணும். வேற காட்டச் சொல்லு."

உள்ளே வந்து உட்கார்ந்து, அடுத்தடுத்து விரித்ததில் ஒன்றை எடுத்தார். அதைப் பார்க்க வாசலுக்குப் போகவில்லை.

அவர்கள் போன பிறகு கடைக்காரர், "வாசலுக்குப் போயிடுச்சேம்மா" என்றார்.

"பாதிதாங்க போச்சு."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் உடனே தெருவைப் பார்த்தார். "நாளைக்கு மழைன்னா? வெளிய இதே வெளிச்சமா இருக்கும்? நாளைக்கும் ஒரு நாள் பார்த்துட்டுச் சொல்றேன்."

சரி என்றேன். வாசலில் போய் நின்றால் மெட்ரோ பாலத்துக்கு மேலே மேகம் திரண்டுகொண்டிருந்தது. போனில், மேகமூட்டமான நாளுக்கென்று, 'மப்பு' என்று இன்னோர் அமைப்புக்குப் பெயர் மட்டும் போட்டுவிட்டு, ஒரு மயில்கழுத்தைக் கடன் கேட்டு வாங்கி, உள்ளே பாதி வெளியே பாதியாக வாசற்படியில் விரித்து, வெயில் போகட்டும் என்று காத்து நின்றேன்.